வாசகர் கேள்வி – பதில்: டாக்டர் சாந்தாவும் ஒரு பதிவேடும்

அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டில் 65 ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, 2021 ஜனவரி 19 அன்று 93 வயதில் மறைந்த டாக்டர் வி. சாந்தாவைப் பற்றியும், அவர் பணியை ஒட்டியும் வந்த கேள்விகளில் ஐந்து இங்கே.

பள்ளி விழாவில் டாக்டர் சாந்தாவைப் பற்றி மாணவிகள் பேசப் போகிறார்கள். ஆளுக்கொரு தேதி சொல்கிறார்கள். நம்பிச் சொல்லக்கூடிய விவரங்கள் வேண்டும். அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டை அவர்தானே தொடங்கினார்?
– ஆசிரியை, விருத்தாசலம்

இல்லை, அதை முதலில் திருத்திவிடுங்கள். தொடங்கியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். பல ஆண்டுகள் போராடி, நிதி திரட்டி, 1954-இல் 12 படுக்கைகளோடு அந்த மருத்துவமனையைத் திறந்தார். அவருடைய மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தி அங்கே மருத்துவர். அடுத்த ஆண்டு ஏப்ரலில் சாந்தா சேர்ந்தார்.

சாந்தா பிறந்தது சென்னை மயிலாப்பூரில், 1927 மார்ச் 11. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1949-இல் எம்.பி.பி.எஸ்., 1955-இல் எம்.டி. எழும்பூர் அரசு மகளிர் மருத்துவமனையில் வேலை கைக்கு வந்திருந்தது. அதை விட்டுவிட்டு அடையாறுக்குப் போனார். 1980-இல் இயக்குநரானார். பத்மஸ்ரீ 1986, மகசேசே விருது 2005, பத்ம பூஷண் 2006, பத்ம விபூஷண் 2016.

விருதுகளைக் கடைசி அரை நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சி.வி. ராமனின் உறவினர் என்று பேச்சை ஆரம்பிக்கவும் வேண்டாம், அது அவர் உழைத்துப் பெற்றதல்ல. புற்றுநோய் என்றாலே முடிந்தது கதை என்று ஊரே நம்பிய காலத்தில், நிச்சயமான அரசு வேலையை விட்டு 12 கட்டில் உள்ள இடத்துக்கு ஒரு பெண் மருத்துவர் போனார். பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.

அவர் புற்றுநோய்க்குச் சிகிச்சை அளித்தவர். பொது சுகாதாரத்துக்கு அவர் என்ன செய்தார்? 'புற்றுநோய்ப் பதிவேடு' என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர்தானே?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரில் அந்த வாசல் ஏறி வந்தவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். வராதவர்கள் எத்தனை பேர், அவர்கள் எங்கே போனார்கள் என்று அது சொல்லாது. மக்கள்தொகைப் பதிவேடு ஓர் ஊர் எல்லையை எடுத்துக்கொண்டு, அதற்குள் வசிக்கும் ஒவ்வொருவரையும் கணக்கில் வைக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981 டிசம்பரில் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. சென்னைக்கான பதிவேடு 1982 முதல் அடையாறில் இயங்குகிறது. அப்போது இயக்குநர் சாந்தா. எங்களைக் கேட்டால், அவருடைய பெரிய பொது சுகாதாரப் பணி இதுதான்.

வேலை நடக்கும் விதம் இது. பதிவேட்டுப் பணியாளர் ஒவ்வொரு மருத்துவமனைக்கும், நர்சிங் ஹோமுக்கும், திசுப் பரிசோதனைக் கூடத்துக்கும் நேரில் போகிறார். தகவல் தானாக வரும் என்று காத்திருந்தால் பாதி வராது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு படிவம்: பெயர், வயது, பாலினம், முகவரி, அந்த முகவரியில் எத்தனை காலமாக வசிக்கிறார், எந்த உறுப்பு, என்ன வகைக் கட்டி, எந்தத் தேதியில் முதலில் கண்டுபிடித்தார்கள், எதை வைத்து உறுதி செய்தார்கள். உறுப்புக்கும் கட்டியின் வகைக்கும் உலகம் முழுக்க ஒரே குறியீட்டு எண்கள் இருக்கின்றன. அப்படிக் குறித்தால்தான் சென்னையை இன்னொரு நகரத்தோடு ஒப்பிட முடியும்.

தவறு நுழைவது பெரும்பாலும் பெயரில். நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். ஒரே பெண் முதல் ஆஸ்பத்திரியில் அப்பா பெயரின் தலைப்பெழுத்தோடு 'எஸ். லட்சுமி', அடுத்ததில் கணவர் பெயரோடு 'லக்ஷ்மி ராமசாமி', பரிசோதனைக் கூடத்தில் 'மகாலட்சுமி'. வயது ஓரிடத்தில் 50, இன்னோரிடத்தில் 55. கவனிக்காமல் விட்டால் ஒருவர் மூவராகிவிடுவார். அதனால் பெயர், வயது, தெரு, உறுப்பு, தேதி எல்லாவற்றையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்துத்தான் இரட்டைப் பதிவை நீக்குகிறார்கள்.

முகவரியிலும் இதே கதை. வைத்தியத்துக்காக வெளியூரிலிருந்து வருபவர் தங்கியிருக்கும் சித்தி வீட்டு விலாசத்தைக் கொடுப்பார். அவரைச் சென்னைக் கணக்கில் சேர்த்தால் நகரத்தின் விகிதம் பொய்யாக ஏறும். ஓராண்டாவது அங்கே வசித்திருக்க வேண்டும் என்ற விதி அதற்காகத்தான்.

பிறகு இறப்புப் பதிவு. புற்றுநோயாளி இறந்தாலும் சான்றிதழில் 'மாரடைப்பு' என்றோ 'முதுமை' என்றோ இருக்கலாம். புற்றுநோய் என்று எழுதிய இறப்புகளை மட்டும் எடுத்தால் பலர் நழுவிவிடுவார்கள். எல்லா இறப்புகளோடும் நோயாளிப் பட்டியலைப் பொருத்திப் பார்ப்பதுதான் சரியான வழி. அலுப்பான வேலைதான், ஆனால் விட்டால் கணக்கு நிற்காது.

கடைசியில்தான் விகிதம். ஒரு பேச்சுக்கு, 20 லட்சம் பெண்கள் உள்ள ஊரில் ஓராண்டில் 240 பேருக்குப் புதிதாக நோய் என்றால், லட்சத்துக்கு 12. முதியவர் அதிகமுள்ள ஊரில் புற்றுநோயும் அதிகம் தெரியும் என்பதால், வயதுக்கு ஏற்பச் சரிசெய்த பிறகே இரண்டு ஊர்களை ஒப்பிடலாம். சென்னைப் பெண்களிடம் கருப்பை வாய்ப் புற்றுநோய் குறைந்துவருவதும், மார்பகப் புற்றுநோய் அதை முந்திவிட்டதும் இப்படித்தான் தெரியவந்தது. எந்த நோய்க்கு முகாம் போடுவது, எத்தனை கதிர்வீச்சு இயந்திரம் வாங்குவது என்பதையெல்லாம் இந்தக் கணக்கை வைத்துத்தான் திட்டமிட முடியும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருப்பை வாய்க்கு ஏதோ அமிலம் தடவிப் பார்ப்பதாகச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது. உபயோகம் உண்டா?
– வாசகி, நிலக்கோட்டை

பயப்பட வேண்டாம். உங்கள் திண்டுக்கல் மாவட்டத்திலேயே இதற்கு ஆதாரம் இருக்கிறது. அம்பிளிக்கையில் உள்ள சுகாதார மையம் நடத்திய பெரிய ஆய்வில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களை இந்த வி.ஐ.ஏ. (அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும்) பரிசோதனைக்கு அழைத்தார்கள். 31,000-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். 2007-இல் முடிவு வெளியானது: ஒரே ஒரு முறை அழைத்துப் பரிசோதித்த ஊர்களில், அழைக்காத ஊர்களைவிடக் கருப்பை வாய்ப் புற்றுநோய் கால் பங்கும், அதனால் வந்த இறப்பு 35 சதவீதமும் குறைவு. யாருக்கு நோய் வந்தது, யார் இறந்தார் என்று பதிவேடு வைத்திருந்ததால்தான் இப்படிச் சொல்ல முடிந்தது.

தடவுவது 5 சதவீத அசிட்டிக் அமிலம், கிட்டத்தட்ட வினிகரின் வீரியம்தான். 95 மில்லி சுத்திகரித்த நீரில் 5 மில்லி அடர் அமிலம் சேர்த்து அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். செவிலியர் ஸ்பெகுலம் (பிறப்புறுப்பை விரித்துப் பார்க்கும் கருவி) வைத்து, நல்ல வெள்ளை வெளிச்சத்தில் கருப்பை வாயைப் பார்ப்பார். பஞ்சில் கரைசலை நனைத்து ஒற்றி, முழுசாக ஒரு நிமிடம் காத்திருப்பார். லேசாகச் சுரீர் என்று இருக்கும், அவ்வளவுதான். மாறிவிட்ட செல்கள் உள்ள இடம் கெட்டியாக, ஓரம் தெளிவாக, சுண்ணாம்பு பூசியதுபோல வெளுக்கும். மங்கலான, ஓரம் தெரியாத வெண்மை கணக்கில் சேராது.

நிமிடம் ஆவதற்குள் பார்த்தாலோ, கரைசல் பழசாக இருந்தாலோ, மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பார்த்தாலோ வெண்மை தப்பிவிடும். அடர் அமிலத்தை அளக்காமல் கலந்தால் புண்ணாகும். மாதவிலக்கு நாட்களில் போக வேண்டாம். மாதவிலக்கு நின்றவர்களுக்குப் பார்க்க வேண்டிய பகுதி உள்ளே போய்விடுவதால் இந்த முறை அவ்வளவு நம்பகமில்லை. அவர்கள் எச்.பி.வி. (இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸ்) பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேட்கலாம்.

'பாசிட்டிவ்' என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. அடுத்து கால்போஸ்கோப் வைத்துப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள், தேவையென்றால் பயாப்ஸி (பரிசோதனைக்குத் துளி சதை) எடுப்பார்கள். புற்றுநோய்க்கு முந்தைய நிலையில் இருந்தால் பெரும்பாலும் வெளிநோயாளியாகவே சிகிச்சை முடிந்துவிடும். பாசிட்டிவ் என்று கேட்ட பயத்தில் இந்த இரண்டாம் கட்டத்துக்குப் போகாமல் இருப்பதுதான் ஆபத்து. நெகட்டிவ் வந்தவர்கள் ஐந்தாண்டுக்கு ஒரு முறை திரும்பப் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் இடையில் உறவுக்குப் பின் ரத்தம் பட்டாலோ, நாற்றமுள்ள வெள்ளைப்பாடு இருந்தாலோ உடனே போங்கள்.

மகளுக்கு 11 வயது. எச்.பி.வி. தடுப்பூசி போட்டுவிட்டால் பிற்காலத்தில் இந்தப் பரிசோதனையெல்லாம் வேண்டாம்தானே?
– தாய், கரூர்

வேண்டும். கருப்பை வாய்ப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்குக் காரணம் எச்.பி.வி. 16, 18 என்ற இரு வகைகள். தடுப்பூசி முக்கியமாக அவற்றைத் தடுக்கிறது, மற்ற வகைகள் இருக்கின்றனவே. 15 வயதுக்குள் என்றால் வழக்கமாக ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி, அதற்கு மேல் மூன்று. ஒரே ஊசியும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் ஏற்கிறது. உங்கள் மகளுக்கு எத்தனை என்பதைப் போடும் மருத்துவரே சொல்லட்டும். ஊசி போட்டதும் 15 நிமிடம் உட்கார வையுங்கள், இந்த வயதில் சிலருக்குத் தலைசுற்றும்.

சிகிச்சை முடிந்து நான்கு வருஷம் ஆகிறது, அம்மா நன்றாக இருக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து நலம் விசாரித்து இன்னும் கடிதம் வருகிறது. நல்லாத்தானே இருக்கிறார், பதில் எதற்கு?
– வாசகர், செய்யாறு

நல்லா இருப்பவர்கள் எல்லோரும் இப்படி நினைத்துவிட்டால், சிகிச்சை பலித்தது என்பதற்கே கணக்கு இருக்காது. ஐந்தாண்டுக்குப் பின் நூறில் எத்தனை பேர் நலம் என்பதை வைத்துத்தான் ஒரு மருந்து நல்லதா என்று முடிவு செய்கிறார்கள். பதில் வராதவர்கள் எல்லாம் நலமானவர்கள் என்றால் உண்மைப் பலன் குறைவாகத் தெரியும். இறந்தவர்கள் என்றால் அதிகமாகத் தெரியும். எது என்று ஆஸ்பத்திரிக்குத் தெரிய வழியில்லை. ஒரு நோயாளியும் கணக்கிலிருந்து நழுவக்கூடாது என்று கடிதம் போடுவதும் வீடு தேடிப் போவதும் இதற்காகத்தான்.

ஒரு தபால் கார்டு போதும். மேலே அம்மாவின் கோப்பு எண். கீழே முழுப்பெயர், இன்றைய தேதி, எடை, புதிதாகக் கட்டியோ வலியோ உண்டா, வேறு எங்காவது வைத்தியம் பார்த்தீர்களா, இப்போதைய முகவரி, கைபேசி எண். வீடு மாறினால் மறுபடி எழுதுங்கள். அம்மாவுக்கு எழுதச் சிரமம் என்றால் நீங்கள் எழுதி, அவரைக் கையெழுத்து மட்டும் போடச் சொல்லுங்கள்.