பிள்ளை பெற்ற வீட்டில் மனச்சோர்வு: கேள்வி பதில்

கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் லைன் வீடுகளில் பல வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவள் நான். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

பிரசவமாகி 5 நாள், அக்கா. காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. (குன்னூர்)

பயப்படாதே தங்கச்சி. மூன்றாம் நாள் வாக்கில் பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு இது வரும். ஹார்மோன் சட்டென்று இறங்குவதும் தூக்கமின்மையும்தான் காரணம். இரண்டு வாரத்தில் தானாக அடங்கும். அடங்காவிட்டால் டாக்டரிடம் காட்டு.

மருமகளுக்குப் பிள்ளை பிறந்து 2 மாதம். பிள்ளையை நன்றாகத்தான் பார்க்கிறாள், ஆனால் பேச்சே இல்லை. பனிக்காலம், வீட்டுக்குள்ளேயே கிடப்பதால்தானே? (கோத்தகிரி)

பனி மேல் பழி போடாதீர்கள் அம்மா. ஒரு லைன் வீட்டில் பார்த்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை. பிள்ளையைக் குளிப்பாட்டி, மைப்பொட்டு வைத்து, கம்பளியில் சுற்றியிருந்தது. எடையிலும் குறையில்லை. அம்மாவின் டீ மட்டும் ஆடை கட்டி ஆறிக் கிடந்தது. பிள்ளை சிணுங்கியதும் எடுத்துப் பால் கொடுத்தாள், கண் சுவரிலேயே இருந்தது. "பிள்ளை தூங்கும்போது நீ தூங்குறியா?" என்றேன். "அது தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வரல அக்கா" என்றாள். எடையை எழுதிக்கொண்டு கிளம்பியிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

அதே கேள்வியை நீங்களும் கேளுங்கள். தூக்கம், பசி, பேச்சு குறைந்து, 'நான் நல்ல அம்மா இல்லை' என்ற எண்ணம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள். எடின்பரோ அளவுகோல் என்று 1987இல் வந்த 10 கேள்விகள் உண்டு, போன 7 நாள் மனநிலையைக் கேட்கும். தமிழிலும் இருக்கிறது. ரத்தசோகை, தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள், அவையும் இப்படியே சோர்வைக் கொடுக்கும்.

மாத்திரை போட்டால் தாய்ப்பாலை நிறுத்தணுமா?

பெரும்பாலும் வேண்டாம். செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் பாலில் மிகக் குறைவாகவே கலக்கும். பால் கொடுப்பதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அப்பாவுக்கும் வருமா? வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருக்கிறேன். (கூடலூர்)

வரும் தம்பி, ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு. ஆண்களுக்குப் பல சமயம் அழுகையாக வராது, எரிச்சலாக, குடியாக வரும். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடு. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். அந்த பஸ் ஸ்டாண்டில் இருந்தே பேசு.

அக்காவுக்குப் பிரசவமாகி 10 நாள். தூங்கவே இல்லை, பிள்ளையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்கிறாள். வீட்டில் மந்திரிக்கலாம் என்கிறார்கள்.

ஒரு இரவுகூடக் காத்திருக்காதே. பிள்ளை பெற்ற 1000 பேரில் ஒன்றிரண்டு பேருக்கு வரும் அவசர மனநோய் இது. சாகணும் என்று யாராவது சொன்னாலும் இதே அவசரம்தான். 108ஐக் கூப்பிட்டு இப்போதே மருத்துவமனைக்குக் கொண்டுபோ. மந்திரிப்பதை அப்புறம் பார்க்கலாம். அவளைத் தனியே விடாதே. வண்டியில் பிள்ளை உன் மடியில் இருக்கட்டும்.