வன்னியில் வீட்டுக் கலியாணம்: கிராமத்துச் சாயல் அலங்காரத்தை நாங்களே தைத்துச் செய்யலாமா?

கேள்வி கேட்டவருக்கு ஆவணியில் வீட்டு வளவுக்குள் தங்கையின் கலியாணம். ‘ரஸ்டிக்’ என்று படங்களில் வருகிற சாக்குத் துணி, லேஸ், மரத்துண்டு, கண்ணாடிப் போத்தல் அலங்காரத்தில் ஆசை. வீட்டில் ஒரு பழைய தையல் மெஷின் இருக்கிறது, உதவிக்கு மச்சாள்மார் இருக்கிறார்கள், எதில் தொடங்குவது என்று கேட்டிருக்கிறார்.

தாராளமாகச் செய்யலாம். நான் கிளிநொச்சியில் தையல் வேலை செய்கிறேன். சட்டை, பிளவுஸ் தவிர, கலியாண வீடுகளுக்கு மேசை விரிப்பும் துணித் தோரணமும் தைத்துக் கொடுக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: மெஷினில் நூல் கோர்க்கிறதுக்கு முன்னால் அம்மாவையும் அப்பாவையும் கூப்பிட்டு அந்தப் படங்களைக் காட்டுங்கள்.

காரணம் இருக்கிறது. அந்தப் படங்களில் பெரும்பாலானவை வெளிநாட்டுப் பண்ணைக் களஞ்சியங்களில் நடந்த கலியாணங்கள். அங்கே சாக்கும் வைக்கோலும் ஒரு நாள் அழகுக்காக வருகின்றன. எங்கள் சனத்தில் ஒரு தலைமுறை தறப்பாளுக்குக் கீழே, சாக்கை விரித்துப் படுத்து எழும்பியது. 2009 இல் மாத்தளன், முள்ளிவாய்க்கால் மணலில் சேலைகளை வெட்டிப் பையாகத் தைத்து, மண் நிரப்பி, பங்கரைச் சுற்றி அடுக்கினார்கள். என் அம்மாவின் சேலைகளும் அப்படித்தான் போயின. பிள்ளையின் கலியாணப் பந்தலில் சாக்கைத் தொங்கவிட்டால் ஒரு தாய்க்கு என்ன தோன்றும் என்று யாரும் வெளியில் இருந்து சொல்ல முடியாது. சிலர் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். சிலர் வாய் திறக்காமல் உள்ளுக்குள் நொந்து போவார்கள். கேட்டுவிட்டால் பிரச்சினை இல்லை. ‘சாக்கு வேண்டாம் பிள்ளை’ என்று சொன்னால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். வேறு பொருளுக்கு வன்னியில் பஞ்சமே இல்லை.

சேலை விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். பழைய சேலையை வெட்டி முக்கோணத் தோரணம் தைக்கச் சொல்லும் யோசனை எங்கும் வருகிறது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து மிஞ்சின ஒரு சேலை உங்கள் வீட்டில் இருந்தால் அதில் கத்தரிக்கோல் வைக்க வேண்டாம். முழுச் சேலையாகவே மணவறைக்குப் பின்னால் விழ விடலாம், அல்லது பந்தலின் நடுவில் மேற்கட்டியாகக் கட்டலாம். கரையோரமாக ஒரு பருத்தி நாடாவை வைத்து, கையால் பெரிய பெரிய ஓட்டுத்தையல் போட்டு, அந்த நாடாவில் கயிற்றைக் கோருங்கள். கலியாணம் முடிந்ததும் தையலைப் பிரித்தால் சேலைக்கு ஒரு கீறலும் இருக்காது. அம்மாவின் சேலைக்குக் கீழே மகள் இருக்கிற அழகுக்கு எந்தக் கடை அலங்காரமும் ஈடில்லை என்பது என் எண்ணம்.

வெட்டுவதற்கு, யாரும் உடுத்தாத நூல் சேலையோ தையல்கடைகளில் சேர்கிற துண்டுத் துணியோ போதும். முக்கோணம் 7 இஞ்சி அகலம், 8 இஞ்சி உயரம், இடைவெளி 2 இஞ்சி என்று வைத்தால் ஒரு யாருக்கு, அதாவது 36 இஞ்சிக்கு, 4 வரும். 10 யார் தோரணத்துக்கு 40 முக்கோணம். இரண்டு பக்கமும் துணி வருகிற மாதிரித் தைத்தாலும் ஒரு சேலையில் நூற்றுக்கு மேல் எடுக்கலாம். நிறம் மூன்றுக்கு மேல் போக வேண்டாம். ஒரு வெளிர் நிறம், ஒரு மண் நிறம், பெண்ணின் கூறைக்குப் பொருந்துகிற ஒன்று, அவ்வளவுதான்.

ஆவணி என்றபடியால் காற்றை மறக்கக் கூடாது. சோளகம் அப்போதும் அடித்துக்கொண்டுதான் இருக்கும், புழுதியும் சேர்ந்து வரும். நாடாவை மட்டும் நம்பித் தோரணத்தைக் கட்டினால் மத்தியானத்துக்குள் முறுகிச் சுருண்டு கயிறாகிவிடும். நாடாவை இரண்டாக மடித்துத் தைக்கும்போது உள்ளே ஒரு மெல்லிய நைலோன் கயிற்றை வைத்துத் தையுங்கள். கட்டும்போது ஒவ்வொரு இரண்டு யாருக்கும் ஒரு முடிச்சு, பந்தல் தடியோடு இறுக்கி. வெள்ளைத் துணி புழுதிக்கு நிற்காது. பழுப்பு, மஞ்சள், செங்கல் நிறங்கள் பின்னேரம் வரைக்கும் பார்க்க நன்றாக இருக்கும்.

சரி, அம்மா சாக்குக்குச் சம்மதம் சொல்லிவிட்டார் என்றால் மேசை விரிப்பில் தொடங்குங்கள். மேசையின் நடுவால் ஓடுகிற நீளப் பட்டிதான் புதிதாகத் தைக்கிறவர்களுக்கு ஏற்ற வேலை. இப்போது அரிசியும் உரமும் நெய்த பிளாஸ்டிக் பையில்தான் பெரும்பாலும் வருகின்றன, அது சரிவராது. சணல் சாக்கு அல்லது ரோலாக விற்கிற சணல் துணி வேண்டும். வாங்கினதும் ஒரு மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். சணலை நூலாக்கும்போது எண்ணெய் பூசுவதால் வருகிற வாடை அது. இரண்டு மூன்று நாள் வெயிலில் கொடியில் போட்டால் பெருமளவு குறையும். தோய்க்க வேண்டாம், தோய்த்தால் பிசிர் கிளம்பித் துணி உருக்குலைந்துவிடும்.

சணலைக் கோடு போட்டு வெட்ட முடியாது, கத்தரிக்கோல் போகப் போகத் துணி சரிந்துவிடும். பட்டியின் அகலத்துக்கு 12 இஞ்சி அளந்த இடத்தில் ஒரே ஒரு இழையை ஊசி முனையால் கிளப்பி, விரலால் பிடித்து, மெல்ல மெல்ல இழுத்து எடுங்கள். இடையில் அறுந்தால் அறுந்த இடத்தில் திரும்பவும் கிளப்புங்கள். இழை முழுதாக வெளியே வந்ததும் துணியில் ஒரு மெல்லிய வெளிச்சக் கோடு தெரியும். அந்தக் கோட்டின் மேலேயே வெட்டினால் விளிம்பு நூல் பிடித்தது மாதிரி நேராக இருக்கும். நீளம், மேசையை விட இரண்டு பக்கமும் 8 இஞ்சி கூட.

பழைய காலால் மிதிக்கிற மெஷினில் நேர்த்தையல் மட்டும்தான் போகும் என்று கவலைப்பட வேண்டாம், இதற்கு அதுவே போதும். 16 ஆம் நம்பர் ஊசி போடுங்கள், தையலை மெஷின் தருகிற அளவுக்கு நீளமாக வையுங்கள். நீளப்பக்கம் இரண்டிலும் விளிம்பில் இருந்து அரை இஞ்சி உள்ளே இரண்டு வரி தைத்து, அதன் மேல் ஒரு பருத்தி லேஸ் வைத்தால் பிசிர் மறையும். இரண்டு நுனியிலும் ஒன்றரை இஞ்சி உள்ளே தைத்துவிட்டு, வெளியே இருக்கிற குறுக்கிழைகளை ஒவ்வொன்றாக உருவினால் குஞ்சம் தானாக வரும். இரண்டு பட்டி தைத்ததும் பொபின் பெட்டியைத் திறந்து பஞ்சைத் தட்டி எடுங்கள், இல்லாவிட்டால் மெஷின் நூலைச் சிக்கவைக்கும்.

ஆனால் என்னைக் கேட்டால், வன்னிக் கலியாணத்துக்குச் சாக்கை விடப் பனையோலைதான் முதல் இடத்துக்கு உரியது. வடலிக் குருத்தோலையின் அந்தத் தந்த நிறம் எந்தத் துணியிலும் வராது. குருத்துக்கு அடுத்த சார்வோலை கொஞ்சம் முரடு, அது பெட்டிக்கும் கடகத்துக்கும். குருத்தோலையை வார்ந்து, காயவைத்து, வேலை செய்யும்போது ஈரத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு மடிக்க வேண்டும். காய்ந்தபடி மடித்தால் மடிப்பில் வெடிக்கும். சின்னப் பூக்கள், மீன், கிளி எல்லாம் பிள்ளைகளே ஒரு பின்னேரத்தில் பழகிவிடுவார்கள். இந்தப் பூக்களை ஒட்டுவதை விடத் துணித் தோரணத்தில் முக்கோணத்துக்கு முக்கோணம் நடுவில் ஊசியால் பிடித்துத் தைப்பதுதான் நல்லது, பசை வெயிலில் விட்டுவிடும்.

பெட்டி இழைப்பதை மட்டும் நீங்களே செய்யப் பார்க்காதீர்கள். அது கைப்பழக்கம் உள்ளவர்களின் வேலை. உங்கள் ஊரிலேயே இழைக்கிற அம்மாமார் இருப்பார்கள், பலர் அந்த வருமானத்தில்தான் வீடு நடத்துகிறார்கள். ஒன்றரை மாதத்துக்கு முன்னால் சொல்லி, முற்பணம் கொடுத்து, விலை பேசாமல் வாங்குங்கள். வருகிறவர்களுக்குக் கையில் கொடுக்கிறதுக்குப் பனங்கட்டிக் குட்டான் மாதிரி அழகான பொருள் வேறில்லை. ஓலைக் குட்டானும் அதற்குள் பனங்கட்டியும் சேர்ந்தே வரும். நீங்கள் தைக்க வேண்டியது அதைச் சுற்றி ஒரு துணிப் பட்டி மட்டும்தான். பெரிய சுளகுகளை வாங்கி, விளிம்பைச் சுற்றித் துணி தைத்து, வாசலில் பெயர்ப் பலகையாகவும் வைக்கலாம்.

நெற்கதிருக்கு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். காலபோக வெட்டு தை, மாசியில் வருகிறது. வெட்டு மெஷின் இறங்கினால் முழுக் கதிர் கிடைக்காது. வயல்காரரிடம் சொல்லி வரம்போரம் ஒரு சிறு துண்டை விடச்சொல்லி, தாளில் கொஞ்சம் பச்சை இருக்கும்போதே அரிவாளால் அரியுங்கள். நன்றாக முற்றினால் மணி உதிரும். கைப்பிடி அளவாகக் கட்டி, நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் காயவைத்தால் ஆவணி வரை இருக்கும், எலி அண்டாத உயரத்தில் இருந்தால். நிறைகுடத்துக்கு எப்படியும் தலைவாழையிலையில் நெல் பரப்பத்தானே போகிறோம், அந்த மேசையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கதிர்க்கட்டு வைத்துத் தும்புக் கயிற்றால் முடிச்சுப் போட்டால் வேறு ஒன்றும் தேவைப்படாது. சிரட்டையைச் சுரண்டி மினுக்கி, அதற்குள் பூ வைக்கலாம். கண்ணாடிப் போத்தல் தேடி அலைய வேண்டாம், பிள்ளைகள் ஓடித் திரிகிற வளவில் அது ஆபத்தும் கூட.

தடி தேவையென்றால் வேலியில் கதியாலுக்கு நிற்கிற கிளிசரியா, பூவரசுக் கிளைகளை வெட்டுங்கள். காட்டுக்குள் போக வேண்டாம், ஒதுக்கப்பட்ட காட்டில் தடி வெட்டுவது சட்டப்படி குற்றம்.

குருத்தோலைத் தோரணத்தைப் பற்றி ஒரு சொல். மங்கல வீட்டுக்குக் கட்டுகிற மடிப்பு வேறு, அமங்கல வீட்டுக்குக் கட்டுகிறது வேறு. படத்தைப் பார்த்து மடிக்காமல், ஊரில் தோரணம் பின்னுகிற ஒரு பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டச்சொல்லுங்கள். தென்னங்குருத்தில் என்றால் முதல்நாள் பின்னேரம் பின்னி, நனைத்த சாக்கில் சுற்றி வையுங்கள்.

மணவறைக்குள் ஐயர் ஓமம் வளர்ப்பார், குத்துவிளக்கு எரியும். சணல், வைக்கோல், காய்ந்த ஓலை மூன்றும் நொடியில் பற்றும், காற்றும் இருக்கிறது. அந்தப் பக்கம் ஆறு அடிக்குள் இவற்றில் ஒன்றும் தொங்கக் கூடாது. மணவறைக்குப் பச்சை வாழையும் பூவும், பின்னால் தள்ளி அம்மாவின் சேலையும் போதும். தைத்த அலங்காரத்தை வாசல், நிறைகுட மேசை, சாப்பாட்டுப் பந்தல் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா இடத்தையும் நிரப்பப் பார்த்தால் கைவேலையின் அழகு கண்ணில் படாமல் போகும்.

வேலையை ஆனி மாதத்துக்குள் முடித்துவிடுங்கள், ஆடி பிறந்தால் சொந்தக்காரர் வரவும் பலகார வேலையும் தொடங்கிவிடும். கதிரைகளுக்குப் பின்னால் கட்டுகிற பட்டியை மட்டும் கடைசிக்கு வையுங்கள். வாடகைக் கடைக்குக் கடை கதிரையின் அளவு வேறு, கவரோடு வருமா வராதா என்பதும் வேறு. எந்தக் கடை என்று முடிவானதும் ஒரு கதிரையை அளந்துவிட்டு வெட்டுங்கள்.