மேற்குச் சுவரின் சூடு

அன்புள்ள சார்,

தேவகோட்டைக்காரன், பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த ஹெச்.ஹெச். 211 படத்தைப் பார்த்து மலைத்துப்போனேன். ஆனால் அந்த நிறமெல்லாம் கம்ப்யூட்டரில் கொடுத்தது என்று தெரிந்ததும் ஏமாந்துபோன மாதிரி ஆகிவிட்டது. இதற்கு இவ்வளவு செலவு தேவையா? வானியல் படித்தால் வேலை கிடைக்குமா?

ஒரு மாணவன்

அன்புள்ள தம்பி,

செலவுக் கணக்கை விடுங்கள், அதைப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். 'ஏமாந்துபோன' என்று எழுதினீர்களே, அதுதான் இரண்டு நாளாக என்னைக் குடைகிறது. இயற்பியல் படிக்கிற பிள்ளை எழுதுகிற வார்த்தையா இது?

எங்கள் ஐயாவுக்குக் கடைசிக் காலத்தில் கண் தெரியாது. சித்திரை மாதம் பொழுது சாய்ந்ததும் காரைக்குடி வீட்டு வளவைச் சுற்றித் தனியாகவே நடப்பார். குவளைத் தண்ணீரில் கையை முக்கித் துண்டில் துடைத்துக்கொண்டு, சுவருக்கு ஒரு சாண் தள்ளி உள்ளங்கையைப் பிடிப்பார். மேற்கு வெயில் வாங்கிய சுவர் எது என்று தொடாமலே சொல்லிவிடுவார். நம்பாமல் ஒருநாள் ஐந்து மண்சட்டியை வரிசையாக வைத்து ஒன்றில் மட்டும் வெந்நீர் ஊற்றினேன். கையை மெல்ல நகர்த்திக்கொண்டே போய், "மூணாவது, அப்பச்சி" என்றார். அவர் பார்த்தது பொய்யா?

அந்தக் கை செய்ததைத்தான் வெப் செய்கிறது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, வெயில் படாமல் திரை கட்டி, மைனஸ் 220 டிகிரி அளவுக்குக் குளிர்ந்து கிடக்கிறது. தன் சூடே, தான் பார்க்க வந்த சூட்டை மறைத்துவிடக் கூடாதல்லவா. நீங்கள் பார்த்த ஹெச்.ஹெச். 211-இல், சுமார் 1,000 ஒளியாண்டு தூரத்தில், சூரியனின் எடையில் 8 சதவீதம்தான் இருக்கிற ஒரு குழந்தை நட்சத்திரம் தூசிக்குள் புதைந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற ஒளி அந்தத் தூசியைத் தாண்டாது, ஐயாவின் கை உணர்ந்த சூட்டைப் போன்ற, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி தாண்டும். அந்த நட்சத்திரம் பீய்ச்சுகிற வாயுத் தாரை சுற்றியுள்ள வாயுவில் மோதும்போது ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, சிலிக்கான் மோனாக்சைடு மூலக்கூறுகள் சூடேறி ஒளிர்கின்றன. அலைநீளம் கூடினதுக்குச் சிவப்பு, குறைந்ததுக்கு நீலம் என்று வரிசை மாறாமல் நிறம் கொடுக்கிறார்கள். யாரும் இல்லாததை வரையவில்லை, தம்பி! நம் கண்ணுக்கு எட்டாததை நம் கண்ணுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருகிறார்கள், ஐயா "மூணாவது" என்று எனக்குச் சொன்ன மாதிரி.

அந்தத் தாரை வெறும் வாணவேடிக்கையும் இல்லை. நட்சத்திரத்தைச் சுற்றித் தட்டு மாதிரி சுழலும் வாயு அப்படியே நட்சத்திரத்தில் விழ முடியாது, சுழற்சி விடாது. தாரைதான் அந்தச் சுழற்சியில் ஒரு பங்கை வெளியே கொண்டுபோகிறது, மிச்ச வாயு உள்ளே விழுகிறது, குழந்தை வளர்கிறது.

வேலை பற்றி அப்புறம் எழுதுகிறேன். இன்று ராத்திரி அந்தப் படத்தை மறுபடி திறந்து, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் தாரை மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இரண்டும் ஒன்றுபோல நெளியும். உள்ளே இருப்பது ஒன்றல்ல, இரட்டை நட்சத்திரமாக இருக்கலாம் என்று சந்தேகப்படுவது அந்த நெளிவை வைத்துத்தான். எத்தனை நெளிவு எண்ணினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.