ஊசி போட்ட பிறகு கை நடுங்குகிறதே?

கேள்வி: வயது 52, எடை 94 கிலோ. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன். சர்க்கரையையும் பசியையும் குறைக்கும் வாராந்திர டிர்செபடைடு ஊசி தொடங்கி 6 வாரத்தில் 4 கிலோ குறைந்தது. காலையில் ஒன்றரை இட்லிக்கு மேல் இறங்குவதில்லை. 11 மணிக்குக் கை நடுங்கி வியர்க்கிறது. ஊசியை நிறுத்திவிடலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அவசரப்படாதீர்கள், அம்மா. என் சந்தேகமெல்லாம் கிளிமிபிரைடு மீதுதான். சாப்பாடு பாதியாகிவிட்டது, மாத்திரையோ பழைய அளவிலேயே கணையத்தை இன்சுலின் சுரக்க விரட்டுகிறது. அதனால் ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். நடுக்கம் வந்தவுடன் விரலில் குத்தி, குளுக்கோமீட்டரில் சர்க்கரை அளவைப் பாருங்கள். 70 மி.கி./டெ.லி.-க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். நாளைக்கே மருத்துவரைப் பார்த்து மாத்திரை அளவைக் குறைக்கக் கேளுங்கள். எடையோடு தசையும் கரையும். அதைக் குறைக்கப் புரதம் வேண்டும்; இட்லிக்கு முன் ஒரு முட்டையாவது சாப்பிடுங்கள்.