லட்சத்தீவுக் கப்பல்ல முழங்கால் வலி உள்ள அம்மாவைக் கூட்டிப்போறது பற்றி

கவரத்தி, கல்பேனி, மினிக்காய்ல அம்மாவால இறங்க முடியுமான்னு ஈரோட்டுல இருந்து கேட்டிருக்கீங்க. கப்பல்ல தங்கறது சிரமமில்லைங்க, இறங்கறதுதான் சிக்கல். தீவைச் சுத்திப் பவளத்திட்டு, உள்ளே ஆழம் கம்மி. அதனால பெரிய கப்பல் பெரும்பாலும் வெளியவே நிக்கும். சின்னப் படகுக்கு மாறணும். அலையில படகு ஏறி இறங்கும். அது மேல வர்றப்பதான் காலை வெக்கணும். கீழ போறப்ப வெச்சா முட்டிக்கு அடிதான். ரெண்டு கையும் காலியா இருக்கட்டும், பையை நீங்க வாங்கிக்குங்க. செருப்பு வழுக்கும், பட்டை வெச்ச சாண்டல் போடுங்க.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டவே வேண்டாம், கடல் கொந்தளிக்கும். அறை கேட்டா கீழ்த்தளத்துல நடுப்பகுதி கேளுங்க, ஆட்டம் கம்மி. வாந்தி மாத்திரையைக் கொச்சியில கப்பல் கிளம்பறதுக்கு முன்னாடியே போடணும். அம்மாவுக்கும் குழந்தைகளுக்கும் அளவை டாக்டர்கிட்டக் கேட்டுக்குங்க. நுழைவு அனுமதி இல்லாம தீவுக்குள்ள விடமாட்டாங்க.