கீறல் நிறைந்த சிடி பாடுகிறது, பளபளக்கும் சிடி திக்குகிறது: ஏன்?

கேள்வி: என்னிடம் பழைய இசை சிடிகள் பல இருக்கின்றன. ஒன்றின் அடிப்பக்கம் முழுக்க மெல்லிய கோடுகள். ஆனாலும் எல்லாப் பாடல்களும் தடங்கலின்றி ஒலிக்கின்றன. இன்னொன்றின் அடிப்பக்கத்தில் ஒரு கோடுகூட இல்லை. படம் அச்சிட்ட மேல்பக்கத்தில், விளிம்புக்கு அருகே, நகம் பட்டதுபோல ஒரு சிறு கீறல் மட்டும் உண்டு. அது கடைசிப் பாடலில் ஒரே இடத்தில் திக்கி நிற்கிறது. காரணம் என்ன? பற்பசை தேய்த்தால் சரியாகுமா? கீறல் கூடக் கூட ஒலியின் தரம் குறையுமா?

பதில்: நம்மில் பெரும்பாலோர் சிடியின் தவறான பக்கத்தைத்தான் பொத்திப் பொத்திப் பாதுகாக்கிறோம். பளபளக்கும் அடிப்பக்கத்தில் இசை பதிந்திருக்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் இசை இருப்பது மேல்பக்கத்துப் படத்துக்குச் சற்றுக் கீழே.

சிடியின் மொத்தத் தடிமன் 1.2 மில்லிமீட்டர். அதில் ஏறக்குறைய முழுவதும் பாலிகார்பனேட் என்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். அந்தப் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பில்தான் நுண்ணிய பள்ளங்கள் அச்சாகியிருக்கின்றன. அவற்றின் மீது ஒரு மைக்ரானில் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பத்தில் ஒரு பங்குகூடத் தேறாத அலுமினியப் பூச்சு, அதற்குமேல் மெல்லிய அரக்குப் பூச்சு, அதன்மேல் படம். அவ்வளவுதான் காவல். லேசர் ஒளி அடியிலிருந்து கிளம்பி, பிளாஸ்டிக் முழுவதையும் கடந்து அலுமினியத்தில் பட்டுத் திரும்புகிறது.

அடிப்பக்கத்துக் கோடுகள் ஏன் பொருட்டில்லை என்பதும் இதிலேயே விளங்கும். பிளாஸ்டிக்குக்குள் நுழையும் இடத்தில் ஒளிக்கற்றையின் அகலம் சுமார் 0.8 மி.மீ.; பள்ளங்களை எட்டும்போது அது 2 மைக்ரானுக்கும் கீழே குவிந்துவிடுகிறது. மெல்லிய கோடு அகன்ற கற்றையில் ஒரு சிறு பகுதியை மறைக்கிறது. மீதி ஒளி வேலையைச் செய்துவிடுகிறது. தூரத்து மரத்தைப் பார்க்கும் கண்ணுக்கு ஜன்னல் கண்ணாடியின் தூசு தெரியாததைப்போலத்தான் இதுவும். மேல்பக்கக் கீறலோ அரக்கைத் துளைத்து அலுமினியத்தையே பெயர்த்துவிடும். ஒளி பட்டுத் திரும்ப அங்கே ஒன்றுமே இருக்காது.

கடைசிப் பாடல் மட்டும் ஏன் சிக்குகிறது? இசைத்தட்டைப்போல் அல்லாமல், சிடியின் தடம் உள்ளே தொடங்கி வெளிப்புறமாகச் சுருள்கிறது. அடுத்தடுத்த சுற்றுகளின் இடைவெளி 1.6 மைக்ரான், ஒரே கோடாகப் பிரித்து நீட்டினால் 5 கிலோமீட்டருக்கும் மேல் போகும். ஆகவே விளிம்போரக் காயம் இறுதிப் பாடல்களைத் தாக்கும். சிறிய இசைத்தொகுப்பாக இருந்தால் விளிம்பு வெறுமையாகவே இருக்கும். அங்கே கீறல் விழுந்தாலும் நஷ்டமில்லை. உங்களுடையது முழுக்க நிரம்பிய தகடு போலிருக்கிறது.

இனி ஒலியின் தரம். சிடியில் இசை 0, 1 என்ற இலக்கங்களாக (பிட்) பதிந்திருக்கிறது. பள்ளம் என்றால் 0, மேடு என்றால் 1 என்று பலரும் எழுதுகிறார்கள், அது சரியல்ல. பள்ளத்திலிருந்து மேட்டுக்கோ, மேட்டிலிருந்து பள்ளத்துக்கோ மாறும் விளிம்புதான் 1. மாற்றமில்லாமல் நீளும் இடமெல்லாம் 0. இப்படிக் கிடைக்கும் எண்களிலிருந்து, இடது வலது இரண்டுக்கும் தனித்தனியாக, விநாடிக்கு 44,100 முறை ஒலி அலையின் உயரம் 16 பிட் எண்ணாக மீட்கப்படுகிறது.

அழகான பகுதி இனிமேல்தான். பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து இந்த வடிவத்தை உருவாக்கியபோது, தகடு அழுக்காகும், கீறல் விழும் என்பதை எதிர்பார்த்தே கட்டமைத்தார்கள். 1960-இல் ரீட், சாலமன் என்ற இரு கணிதவியலாளர்கள் வெளியிட்ட பிழைதிருத்த முறை 1982-இல் இப்படி வீடுகளுக்குள் நுழைந்தது. ஒவ்வொரு 24 பைட் இசைக்கும் 8 பைட் சரிபார்ப்பு எண்கள் சேர்க்கப்படுகின்றன. அதோடு, அடுத்தடுத்து வரவேண்டிய எண்கள் தடத்தில் ஒன்றுக்கொன்று தள்ளித்தள்ளிப் பதிக்கப்படுகின்றன. ஒரு கீறல் ஓரிடத்தை மொத்தமாக அழித்தாலும், எண்களை வரிசைப்படுத்தும்போது அந்த இழப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிவிடுகிறது. சிதறிய சிறு இழப்புகளைக் கணக்குப் போட்டே மீட்டுவிடலாம். தடத்தில் சுமார் 2.5 மி.மீ. தொடர்ச்சியாக அழிந்தாலும் ஓர் எண்கூடப் பிசகாமல் மீட்க முடியும் என்பது வடிவமைப்பின் கணக்கு. அதையும் தாண்டினால், கருவி முன்பின் எண்களைப் பார்த்து நடுவில் ஊகித்து நிரப்பும். அதுவும் முடியாதபோது ஒலியை ஒரு கணம் அடக்கிவிடும்.

எனவே கீறல் கூடக் கூடத் தரம் படிப்படியாக மங்குவதில்லை. எல்லைக்குள் இருக்கும்வரை புதுத் தகடும் பழையதும் ஒன்றே. எல்லை தாண்டியதும் திடீரென்று கெடும். ஒரே இடத்தில் திக்குவது வேறு வகைக் கோளாறு: லேசர் தடத்தையே தவறவிட்டு, முன்சுற்றுக்கே திரும்பத் திரும்ப வந்து விழுகிறது.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். தகட்டை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கீறல் இருக்கும் இடத்தில் மட்டும் ஒளி ஊசிமுனைபோல ஊடுருவினால் அலுமினியம் போய்விட்டது. எந்தப் பசையும் அதைத் திரும்பக் கொண்டுவராது. மேல்பக்கத்தில் பற்பசை தேய்த்தால் மிச்சமிருப்பதும் போகும். அடிப்பக்கத்து ஆழமான கீறலுக்கு மட்டும், வேறு வழியே இல்லையென்றால், மெருகேற்றிப் பார்க்கலாம். அது கீறலின் கூர்முனைகளை மழுக்கிச் சில வேளை பலன் தரும். கைபோனபடி தேய்த்தால் புதுக் கோடுகளையும் தரும்.

சாதாரண அழுக்குக்கு மிதமான சோப்புநீரும் மென்மையான துணியும் போதும். தின்னர், அசிட்டோன் வேண்டாம், பாலிகார்பனேட்டை அரித்துவிடும். நடுத்துளையிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்து ஒரு கோடு விழுந்தால் அது தடத்தோடு சேர்ந்தே ஓடும், பிழைதிருத்தம் திணறும். குறுக்கே விழும் கோட்டை லேசர் நொடிப்பொழுதில் தாண்டிவிடும். மேல்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள். டிவிடிக்கு இந்த மேல்பக்கப் பயம் குறைவு. அதில் பதிவு இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளுக்கு நடுவே ஒளிந்திருக்கிறது.

திக்கும் தகட்டை இப்போதே கணினியில் நகலெடுத்துவிடுங்கள். பிழை வந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து ஒப்பிடும் மென்பொருளைப் பயன்படுத்துங்கள். கணினியின் டிரைவ் ஒன்று மாட்டேன் என்றால் வேறொன்றில் போட்டுப் பாருங்கள். தடத்தைப் பிடித்துக்கொள்ளும் திறன் டிரைவுக்கு டிரைவ் வேறுபடும். எஃப்.எல்.ஏ.சி. போன்ற இழப்பில்லாத வடிவில் சேமித்தால், கடைசிப் பாடலின் அந்தச் சில நொடிகளைத் தவிர மற்ற அனைத்தும் மூலத்தில் உள்ளபடியே கிடைத்துவிடும்.