வலி மாத்திரை தர மறுத்த மருந்துக்கடைக்காரர்

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் ஊர். அம்மாவுக்கு 63 வயது, பிரஷரும் சுகரும் உண்டு. மாதாமாதம் வாங்கும் மூட்டுவலி மாத்திரையை இந்த முறை மெடிக்கலில் தரவில்லை. “பிரஷர் மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் கிட்னிக்கு ஆகாது” என்றாராம். அங்கே பார்த்த பிரஷர் 164, வீட்டுக் கருவியில் 140தான் வரும். முதல்வர் மருந்தகத்தில் வாங்கிய சுகர் மாத்திரை வேறு நிறத்தில் இருக்கிறது. சாயங்காலம் காலில் சாக்ஸ் தடம் பதிகிறது, குளிர்தான் காரணமோ? நெட்டில் டயாலிசிஸ் என்று போட்டிருக்கிறது. கடைக்காரர் பேச்சை நம்பலாமா?

பதில்: நம்பலாம். அவருக்கு ஒரு நன்றியும் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் அனுப்பிய சீட்டில் இருப்பது டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் கலந்த மாத்திரை. மூட்டுக்குப் போடுவது அசிக்ளோஃபெனாக். டெல்மிசார்டன் சிறுநீரகத்தின் வடிகட்டும் அழுத்தத்தைக் குறைக்கும். ஹைட்ரோகுளோரோதயசைடு உடம்பின் நீரை இறக்கும். வலி மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையே குறைக்கும். தனித்தனியாகத் தாங்கும் சிறுநீரகம், மூன்றும் சேர்ந்தால் திணறலாம். சுகர் உள்ளவர்களுக்கு இன்னும் சீக்கிரம். அதோடு வாந்தி பேதியும் வந்தால் கேட்கவே வேண்டாம். பிரஷருக்கு எழுதியவர் ஒரு டாக்டர், மூட்டுக்கு எழுதியவர் வேறொருவர். இரண்டையும் ஒன்றாகப் பார்த்தவர் அந்த மருந்தாளுநர்தான். அவர் படித்த படிப்பு டப்பாவை எடுத்துக் கொடுக்க மட்டும் அல்ல. ஒரு முறை எழுதிய வலி மாத்திரையை டாக்டரிடம் திரும்பக் காட்டாமல் மாதக்கணக்கில் வாங்கியது உங்கள் தப்பு.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய சாக்ஸ் தடம்தான் எனக்கு உறுத்துகிறது. குளிரில் விரல்கள் சிவந்து வீங்கலாம், கால் முழுக்க நீர் கோக்காது. இன்று சாயங்காலம் அம்மாவின் முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் மேல் கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் நீர்தான். குழி விழுந்தாலும் விழாவிட்டாலும் இரண்டு மூன்று நாளுக்குள் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம், சிறுநீரில் புரதம் மூன்றும் பார்த்துவிடுங்கள். சிறுநீர் குறைந்தாலோ, காலையில் முகம் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ராத்திரியானாலும் 108 இருக்கிறது, விடியட்டும் என்று உட்காராதீர்கள்.

வலி மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். மூட்டுக்கு இப்போதைக்குப் பாராசிட்டமால் போதும், எத்தனை வேளை என்பதை அந்த மருந்தாளுநரிடமே கேளுங்கள். டயாலிசிஸ் பேச்சுக்கு இப்போது இடமே இல்லை. இப்படி வரும் பாதிப்பு, சீக்கிரம் கவனித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

164 என்று வந்ததற்குக் கடையின் கருவியைப் பழிக்க வேண்டாம். மேடேறிப் போய், மூச்சு அடங்குமுன் ஸ்வெட்டர் கையின் மேலேயே பட்டையைச் சுற்றினால் அதிகமாகத்தான் காட்டும். ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக் கருவியையும் எடுத்துப்போய் அங்கேயே ஒப்பிடலாம். அப்புறம், வலி மாத்திரையே பிரஷரை ஏற்றும், அதனால் அந்த 164-ஐ ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது.

சுகர் மாத்திரையின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெயரும் மில்லிகிராமும் சீட்டில் உள்ளதுதானா என்று பாருங்கள், சரியென்றால் தாராளமாகப் போடலாம்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள். அதுவரை நெட் பக்கம் போகாதீர்கள்.